வாராந்திர நடைக்குழு: கடைசியாக வருபவரிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: வாரம் ஒரு நாள் காலையில் கிராமப்புறப் பாதைகளில் சேர்ந்து நடக்க ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். முதல் வாரம் 18 பேர் வந்தார்கள், இரண்டே மாதத்தில் ஏழெட்டுப் பேராகிவிட்டது. எல்லாரும் நட்பாகத்தான் பழகுகிறார்கள். வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு தூரம், என்ன வேகம், கையில் என்ன வேண்டும், எங்கே தவறு நடக்கிறது?

முதலில் ஒன்றைப் பாருங்கள். வராமல் நின்றவர்கள் யார்? வரிசையில் கடைசியாக வந்துகொண்டிருந்தவர்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். "வேலை வந்துவிட்டது", "முட்டி சரியில்லை" என்று காரணம் சொல்லியிருப்பார்கள். உண்மையான காரணத்தை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்: மூன்று மணி நேரம் பிறர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போவதில் ஒரு சுகமும் இல்லை. நட்பு இருந்தும் குழு கரைவதற்கு வேகம்தான் முதல் காரணம்.

ஒற்றையடிப் பாதையில் போகும் வரிசை துருத்தி மாதிரி, விரிந்து விரிந்து சுருங்கும். வழியில் ஒரு வேலி வருகிறது, ஏறித் தாண்ட ஆளுக்கு 20 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர் இருந்தால் முதல் ஆள் தாண்டி ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்துத்தான் கடைசி ஆள் தாண்டுவார். முதல் ஆள் நிற்காமல் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால் அதற்குள் 300 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். அந்த இடைவெளியை அடைக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழுகிறது? ஏற்கெனவே மெதுவாக நடப்பவர் தலையில். மேட்டின் உச்சியில் இன்னும் மோசம். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேரும் அந்த நொடியில் "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று ஒரு குரல் வரும். ஓய்வு தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. தேவைப்பட்டவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

இதற்கு மருந்து எளிது, ஆனால் ஒவ்வொரு வாரமும் பிடிவாதமாகச் செய்யவேண்டும். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். ஐந்து நிமிட ஓய்வு என்றால் அவருக்கு ஐந்து நிமிடம். வேலி, ஓடை, குறுகிய கதவு எதுவானாலும், தாண்டியதும் முன்னால் நடப்பவர் சற்றுத் தள்ளி, பிறர் நிற்க இடம் விட்டு, நின்றுவிடவேண்டும். எல்லாரும் தாண்டிய செய்தி பின்னாலிருந்து வந்த பிறகே அடுத்த அடி. பாதை பிரியும் இடங்களிலும் இதே விதிதான். ஆட்கள் தொலைவது பெரும்பாலும் பிரிவுகளில்தான்.

மலையேற்றக் குழுக்களில் முன்னால் போகிறவரை லீட் என்றும் கடைசியாக வருகிறவரை ஸ்வீப் என்றும் சொல்வார்கள். இந்த இருவரையும் கிளம்பும் முன்பே பெயர் சொல்லி எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். லீடுக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஒதுங்கப் போகிறவர் ஸ்வீப்பிடம் சொல்லிவிட்டு, தன் பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். ஸ்வீப் அங்கேயே காத்திருப்பார். ஸ்வீப்பாக இருப்பவர் வழி தெரிந்த, பொறுமையான, நன்றாக நடக்கக்கூடிய ஆளாக இருக்கவேண்டும். "நான் எப்படியும் கடைசியில்தான் வருவேன், நானே ஸ்வீப்பாக இருக்கிறேன்" என்று மெதுவாக நடப்பவர் முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். பின்னால் ஒருவர் விழுந்தால் முன்னால் ஓடிச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இருவரிடமும் ஆளுக்கொரு விசில், ஒருவருக்கொருவர் கைபேசி எண். சிக்னல் இல்லாத பகுதியானால் சிறிய வாக்கி டாக்கி ஒரு ஜோடி இருப்பது நல்லது. லீட் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். மெதுவாக நடப்பவரை லீடுக்கு அடுத்த இடத்தில் நடக்க வைப்பது ஒரு நல்ல உபாயம். அவர் வேகமே குழுவின் வேகமாகிவிடும், பின்னால் தனியாகத் துரத்தும் உணர்வும் இருக்காது. ஆனால் அதை ஊரறிய அறிவிக்காதீர்கள். பேச்சுக்கொடுத்துக்கொண்டே பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். வேகம் சரியா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம்: எல்லாராலும் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் சரி. ஏற்றத்தில் பேச்சு ஒற்றைச் சொற்களாகச் சுருங்கினால் வேகம் அதிகம்.

தூரமும் நேரமும் அடுத்த விஷயம். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. அதன் மெட்ரிக் வடிவம் தோராயமாக இதுதான்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிடம். இது நல்ல உடல்தகுதி உள்ளவர் ஓய்வே இல்லாமல் நடப்பதற்கான கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். பல வயதினர் கலந்த குழுவுக்கு 5-ஐ 4 ஆக்குங்கள். சேறு, உழுத நிலம், உயரமான புல் என்றால் 3.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 180 மீட்டர். நடை 120 நிமிடம், ஏற்றத்துக்கு 18. ஒரு நீண்ட ஓய்வு 15 நிமிடம், இரண்டு சிறிய ஓய்வுகள் ஐந்தைந்து நிமிடம், மொத்தம் 25. வேலிகளிலும் பிரிவுகளிலும் சேர்ந்து நிற்க 15. கூட்டினால் 178, அதாவது மூன்று மணி நேரம். கைபேசிச் செயலி இதே வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று காட்டியிருக்கலாம். அந்த எண்ணை நம்பி "பத்து மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வராத ஆட்களில் இன்னும் இருவர் கூடுவார்கள். மாலை நடையானால் சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் முன்பே முடியும்படி திட்டமிடுங்கள். ஒரு கணுக்கால் சுளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தையும் தின்றுவிடும்.

புதிய குழுவுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் போதும். 12 கிலோமீட்டர் வேண்டும் என்பவர்களுக்கு மாதம் ஒரு நீள நடையைத் தனியாக வையுங்கள். ஒரே நடையில் இரண்டு கூட்டத்தையும் திருப்திப்படுத்த முயன்றால் இரண்டும் முறைத்துக்கொண்டு போகும்.

வழி சுற்றுப்பாதையாக இருந்தால் நல்லது, கிளம்பிய இடத்துக்கே வரும். பாதி தூரத்தில் சாலையைத் தொட்டுப் போகும்படி இருந்தால் இன்னும் நல்லது. முடியாதவர் அங்கே விலகி வாகனம் பிடிக்கலாம். எட்டு வடிவப் பாதை இதற்கு வெகு பொருத்தம். முதல் வளையம் முடிந்ததும் திரும்பக் கிளம்பிய இடம், விருப்பமுள்ளவர்கள் மட்டும் இரண்டாவது வளையம். ஏற்றத்தை முதல் பாதியில் வையுங்கள், ஆனால் முதல் பதினைந்து நிமிடத்தில் வைக்காதீர்கள். உடல் சூடேறும் முன் செங்குத்தான ஏற்றம் வந்தால் புதியவர் அன்றைக்கே மனம் விட்டுவிடுவார். சறுக்கலான செங்குத்துச் சரிவு இருந்தால் அது ஏறும் பக்கமாக அமையட்டும். இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள், முட்டிக்கும் இறக்கம்தான் எதிரி.

நடத்துபவர் அந்த வழியை முன்கூட்டி ஒருமுறை நடந்தே தீரவேண்டும். "போன வருஷம் போன வழிதானே" என்பது பெரிய பொறி. பயிர் வளர்ந்து பாதையை மூடியிருக்கும், புதுக் கம்பிவேலி வந்திருக்கும், ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும். நடைக்கு முந்தைய வாரத்துக்குள் போய்ப் பார்ப்பது உத்தமம். மழை பெய்தால் தாழ்வான இடங்களை மட்டும் மறுபடி பாருங்கள். பார்க்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை பேர் சேர்ந்து உட்கார இடம் எங்கே, நிழல் எங்கே, சிக்னல் எங்கே போகிறது, வாகனம் உள்ளே வரக்கூடிய இடங்கள் எவை, கழிப்பறை எங்கே, கிளம்பும் இடத்தில் எத்தனை வண்டி நிற்கும். தனியார் நிலம் வழியாகப் போவதானால் அனுமதியை முன்பே வாங்குங்கள். நடந்துபோகும் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. வழக்கமாக ஆள் நடமாடும் தடம் என்பதற்காக அது பொதுப்பாதை ஆகிவிடாது.

வரைபடத்தில் 1:25,000 அளவு என்றால் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். 1:50,000 என்றால் 2 சென்டிமீட்டர். கால்நடைக்கு முதலாவதே ஏற்றது, வேலிக்கோடுகள் போன்ற சிறு விவரங்கள் அதில்தான் கிடைக்கும். வழித்தடத்தைக் கைபேசியில் இறக்கி, வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். விமானப் பயன்முறையில் வைத்தாலும் பெரும்பாலான கைபேசிகளில் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரி வெகுநேரம் வரும். லீட், ஸ்வீப் இருவரிடமும் அதே தடம் இருக்கவேண்டும்.

அறிவிப்பில் "எளிதான நடை" என்று எழுதாதீர்கள். யாருக்கு எளிது? எண்களை எழுதுங்கள். இப்படி ஒரு செய்தி போதும்:

"8 கி.மீ., ஏற்றம் 180 மீட்டர், ஓய்வு சேர்த்து 3 மணி நேரம். நான்கு வேலிகள் ஏறித் தாண்டவேண்டும். நடுவில் அரை கிலோமீட்டர் சேறு, கணுக்கால் மூடும் ஷூ நல்லது. 4-ஆவது கிலோமீட்டரில் சாலை வரும், அங்கே விலகிக்கொள்ளலாம். வழியில் கழிப்பறை இல்லை. தண்ணீர் ஒன்றரை லிட்டர். 6.45-க்குக் கூடி 7 மணிக்குக் கிளம்புகிறோம். காத்திருக்க மாட்டோம்."

கடைசி வரி கடுமையாகத் தோன்றலாம். சொன்ன நேரத்துக்கு வந்த 14 பேரை ஒருவருக்காக இருபது நிமிடம் நிறுத்துவது அதைவிடக் கடுமை.

இனிக் கால். நடை கெட்டுப்போவதற்குக் கொப்புளத்தைப் போல் வேறெதுவும் காரணம் ஆவதில்லை. ஷூவோடு தோல் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகர, இடையில் இழுபடும் தோலடுக்கு பிரிந்து நீர் கோக்கும். ஈரத்தில் தோல் இன்னும் அதிகமாக ஒட்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் மூன்று மணி நேர நடைக்கு ஆகாது. கம்பளியோ செயற்கை இழையோ மேல். ஷூ வாங்க மாலையில் போங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் நுனி இடித்து நகம் கறுக்கும். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன் கணுக்கால் பக்கத்து கயிறுகளை ஒருமுறை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது.

குதிகாலில் சூடு மாதிரி ஓர் எரிச்சல் தொடங்கியதுமே நிற்கவேண்டும். "அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்" என்றால் அதற்குள் கொப்புளம் வந்திருக்கும். சாக்ஸைக் கழற்றி, மணல் தட்டி, தோலைத் துடைத்து உலர்த்தி, மருத்துவ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்து வராது. நிற்கச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால், முதல் அரை மணி நேரம் முடிந்ததும் லீடே நிறுத்தி "கயிறு சரிசெய்ய, கால் பார்க்க இரண்டு நிமிடம்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகட்டும். உடையாத சிறு கொப்புளத்தைக் குத்தாமல் மேலே மூடிவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அலமாரியில் வருடக்கணக்காகப் போடாமல் கிடந்த ஷூ பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். நடுவழியில் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தனியே வந்துவிடும். வீட்டிலேயே வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் நடைக்கு வேண்டாம். ஸ்வீப்பின் பையில் அகலமான ஒட்டுநாடா கொஞ்சம் சுற்றி வைத்திருந்தால் அந்த ஷூவைக் கட்டி வீடு வரை ஓட்டலாம்.

பை பெரிதாக வேண்டாம், 15 முதல் 20 லிட்டர் போதும். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்து, வெயில் கடுமையானால் கூட்டுங்கள். அதற்காகத் தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. நீண்ட நடையில் உடலின் உப்பு அளவு ஆபத்தாக நீர்த்துப்போகும். கொறிக்க உப்பும் இனிப்பும் கொஞ்சம், மழைச்சட்டை, தொப்பி, தான் தினமும் எடுக்கும் மாத்திரை. கைத்தடி பயன்படுத்துபவர் தரையில் ஊன்றிப் பிடிக்கும்போது முழங்கை செங்கோணமாக மடியும் உயரத்தில் வைக்கட்டும். இறக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளலாம்.

மேய்ச்சல் நிலத்தில் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போகவேண்டும். கடைசி ஆள்தான் மூடுவார் என்று எல்லாரும் நினைக்க, கடைசி ஆளோ திறந்தே இருந்தது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே லீட் திறக்கும்போதே எப்படி இருந்தது என்பதை அடுத்தவரிடம் சொல்லி அனுப்பட்டும். பூட்டிய கதவை ஏறித் தாண்டவேண்டியிருந்தால் கீல் உள்ள பக்கத்தில் ஏறுங்கள், நடுவில் ஏறினால் கதவு தொய்யும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது. சுற்றிப் போங்கள், ஒருவரையொருவர் ஒட்டி, சத்தமில்லாமல், ஓடாமல். குழுவில் யாராவது நாயோடு வந்தால் கயிறு குட்டையாக இருக்கட்டும். மாடு பாய்ந்து வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடவேண்டும். மாடு துரத்துவது நாயைத்தான், நாய் தப்பிவிடும், பிடித்துக்கொண்டிருப்பவர்தான் மிதிபடுவார்.

நடைபாதை இல்லாத சாலையில் பொதுவாக எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஒற்றை வரிசையில் போவது பாதுகாப்பு. பெரிய குழுக்களுக்குச் சில நாடுகளில் விதி வேறாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னாலும் பின்னாலும் உள்ளவர்கள் பளிச்சென்ற மேலங்கி அணியட்டும்.

விபத்து வந்தால் பதறாமல் இருக்க, என்ன செய்வது என்பது முன்பே தெரிந்திருக்கவேண்டும். கணுக்கால் பிசகியவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எலும்பு முறிவு என்று சந்தேகித்து, நடக்க விடாதீர்கள். வெயிலில் தலைசுற்றி, வியர்த்து, குமட்டினால் நிழலில் படுக்கவைத்து, குளிர்வித்து, தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு: உடனே அவசர உதவியை அழைத்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இருக்கும் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை வாசியுங்கள். அது பத்துப் பதினோரு மீட்டர் துல்லியம். சிக்னல் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று ஊதி பதில் தருவார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே கிளம்புங்கள். தனிமரமும் கம்பிவேலியும் ஒதுங்கும் இடமல்ல.

புதிதாக வருபவரை முதல் நடையில் ஒரு பழைய ஆளோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே பழகியவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டு போக, அவர் நடுவில் தனியாக நடப்பார். கிளம்பும்போதும் ஒவ்வொரு ஓய்விலும் தலை எண்ணுங்கள். நடுவில் விலகுகிறவர் லீடிடமோ ஸ்வீப்பிடமோ சொல்லாமல் போகக்கூடாது. சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரை மீதிப் பேர் புதர் புதராகத் தேடுவது எல்லாக் குழுவிலும் ஒருமுறையாவது நடக்கும். நடத்தும் பொறுப்பை மூன்று நான்கு பேர் சுழற்சியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரே எல்லா வாரமும் செய்தால் அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் நடையும் நிற்கும், இரண்டு வாரம் நின்றால் பழக்கம் விட்டுப்போகும்.

வராமல் நின்ற பத்துப் பேருக்கு வரும் வாரம் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். 5 கிலோமீட்டர், ஏற்றமில்லாத வழி, லீட் இவர், ஸ்வீப் இவர் என்று. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.